கரிசல் இல்லத்தில் சிக்கனமும் முன்னேற்பாடும்

கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம். பாஞ்சாலங்குறிச்சி அதற்கு அணித்தே உள்ளது. சரித்திரப் புகழ் வாய்ந்த இவ்வூர்களைக் காண வருவோர் நினைவில்லத்தையும் கோட்டையையும் கண்டு திரும்புகின்றனர். சுற்றியுள்ள நிலத்தை உற்று நோக்குவோர் சிலரே. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் என விரிந்து கிடக்கும் இக்கரிசற் காட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதால் பயனில்லை. இரண்டு மூன்று மாதங்களில் கிடைப்பதைப் பன்னிரண்டு மாதங்களுக்கு வைத்து வாழும் வழக்கத்தை இந்நிலமே மக்களுக்குக் கற்பித்தது.

முன்னாளில் கரிசற்காட்டு வீடு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் குலுக்கை நிற்கும். மண்ணையும் வைக்கோலையும் குழைத்து ஆளுயரத்துக்கு எழுப்பிய தானியக் கலம் அது. மேல் வழியே கம்பையோ சோளத்தையோ குதிரைவாலியையோ கொட்டி, வாயை மூடி மெழுகிவிடுவர். அடியிலுள்ள துளையின் அடைப்பை நீக்கி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அளந்து எடுத்துக்கொள்வர். கொல்லையில் பருத்திமார்க் கட்டுகள் அடுக்கியிருக்கும். ஊருணித் தண்ணீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே என்ற கட்டுப்பாடு ஊரில் இருக்கும். இவற்றுக்கெல்லாம் எவரும் திட்டம் என்று பெயர் சூட்டவில்லை. ஆயினும் பஞ்சம் வந்தாலும் பெருமழை வந்தாலும் சில வாரங்கள் தாங்கும் ஆற்றல் அவ்வீடுகளுக்கு இருந்தது.

இன்று தண்ணீர் குழாயில் வருகிறது. வெளிச்சம் கம்பியில் வருகிறது. அடுப்பு எரிக்க உருளை வருகிறது. இவை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. தலையில் குடமும் கையில் குடமுமாக நெடுந்தொலைவு நடந்த தாய்மாரைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். ஆனால் நாள்தோறும் வந்து சேரும் பொருளைச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை. அளந்து செலவிடும் கை தளர்ந்தது. செலவுச் சீட்டு நீண்டது. வேறொரு மாறுதலும் நிகழ்ந்திருக்கிறது. முன்பு தானியம், விறகு, நீர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இருந்தன. இப்போதோ மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றுவது மின்சாரம். ஆதலால் கம்பி அறுந்தால் குழாயும் வறண்டுவிடும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் இது கண்கூடாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வறட்சிக்குப் பேர்போன கோவில்பட்டியிலும் ஏறத்தாழ அரை மீட்டர் பெய்தது. மாவட்டத்தில் கண்மாய்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகளுடன் ரயில் ஒன்று நின்றுபோயிற்று. பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லை. சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்க ஒரு குடம் நல்ல நீர் இல்லாத நிலை! ஆண்டில் பாதிக்கு மேல் தண்ணீர்ப் பஞ்சம் கண்ட பூமியில் வெள்ளத்தின் நடுவே தாகம் வந்தது.

சிக்கனம் என்பது பணத்தைப் பற்றியது, முன்னேற்பாடு என்பது ஆபத்தைப் பற்றியது என்று இரண்டையும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நம் கருத்து வேறு. நாளொன்றுக்கு மூன்று குடத்தில் குடித்தனம் நடத்தும் வீட்டுக்கு முப்பது குடம் பத்து நாள் வரும். ஆறு குடம் செலவிடும் வீட்டுக்கு ஐந்தே நாள். குறைவாகச் செலவிடும் இல்லமே நெடுநாள் தாங்கும் என்னும் இக்கணக்கு நீருக்கும் விளக்குக்கும் அடுப்புக்கும் ஒன்றுபோலவே பொருந்துவதைக் கீழே விளக்க முயல்வோம்.

நீர்

கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். பயிருக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பதில் இதற்கு நிகரான மண் அரிது. அதனாலன்றோ ஒரு சில மழையிலேயே மானாவாரியாக உளுந்தும் பாசியும் பருத்தியும் விளைகின்றன. ஆனால் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும் இம்மண் அதை ஆழத்துக்கு எளிதில் விடுவதில்லை; நிலத்தடி நீரும் பல ஊர்களில் உவர்ப்பாகவே இருக்கிறது. கோவில்பட்டி நகரமே தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து குடிநீரைக் கொண்டுவந்து பருகுகிறது. ஆகவே இப்பகுதியில் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கக்கூடிய நல்ல நீர், கூரையின் மேல் விழும் மழை நீர்தான்.

ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் ஆகும். இவ்வொரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். 40 சதுர மீட்டர் மாடி கொண்ட சிறு வீட்டின் மேல் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 லிட்டர் விழும். தெறிப்பும் ஆவியும் கசிவுமாக ஐந்தில் ஒரு பங்கு கழிந்தாலும் 960 லிட்டர் மிஞ்சும். அஃதாவது ஒரே ஒரு நல்ல மழையில் ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைந்துவிடுகிறது. ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 25 லிட்டர் எடுத்தால் அத்தொட்டி நாற்பது நாள் வரும். பருவம் முழுவதும் பெய்யும் மழையில் தொட்டி பல முறை நிறையும். கடைசி மழையில் நிறைவதைத் தை மாதத்துக்கென விட்டுவைப்பது அறிவுடைமை.

2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, பெரும்பாலான இடங்களில் கூரை நீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகளே அமைந்தன. மணற்பாங்கான ஊர்களுக்கு அது மிகப் பொருத்தம். கரிசலில் அக்குழி சில மழையிலேயே சேறு கட்டிச் செயலிழந்துவிடுவது இயல்பு. இங்கே மண்ணில் இறக்குவதைவிடத் தொட்டியில் பிடிப்பதே மேல் என்று நாம் கருதுகிறோம். அதிலும் நிலத்துக்குள் கட்டும் தொட்டிக்குப் பெரும் எச்சரிக்கை வேண்டும். உப்பியும் சுருங்கியும் அசையும் மண், செங்கற் சுவரை ஓரிரு ஆண்டுகளில் பிளந்துவிடும். கட்டியே தீரவேண்டுமெனில், குழியை அகலமாகத் தோண்டிக் கரிசலை அப்புறப்படுத்தி, அடியிலும் பக்கங்களிலும் சரளைச் செம்மண்ணை இட்டு, நீர் தெளித்து இறுக்கிய பின்னரே கட்ட வேண்டும். அவ்வளவு பொருட்செலவு இயலாதவர்க்கு, மேடை அமைத்து அதன்மேல் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியே போதுமானது. மேடைக்கு அடியிலும் அதே செம்மண் இறுக்கம் தேவை என்பதை மறத்தலாகாது.

முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதனைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே போக்க வேண்டும். பின்வரும் நீரை மெல்லிய வேட்டித் துணியிலும், மணலும் கூழாங்கல்லும் இட்ட வாளியிலும் வடிகட்டி இறக்கலாம். தொட்டியின் வாயையும் காற்றுக் குழாயையும் துணிகொண்டு இறுகக் கட்டாவிட்டால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியவராவோம். தெளிவாகத் தோன்றும் நீர் தூய நீர் என்று எண்ணிவிடுதல் கூடாது. தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துக் கலங்கலைத் தெளியவைக்கும் பாட்டியரின் வழக்கம் நல்லதே. அது மண்ணைப் படியச் செய்யுமேயன்றிக் கிருமியை அழிக்காது. நல்ல தரமான சலவைத்தூள், அஃதாவது பிளீச்சிங் பவுடர், ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவில் வேண்டும். அதை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேலுள்ள தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். திறந்து கிடந்த பழைய தூளில் வீரியம் இராது. குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவது எக்காலத்தும் நலம்.

வீட்டுக்குள் நீர் வீணாகும் வழிகளில் மிகப் பெரியது ஒழுகும் குழாயே. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் போய்விடும். குடம் பன்னிரண்டு லிட்டர் என்று கொண்டால் அது ஒன்றரைக் குடத்துக்கு மேல்! சில ரூபாய் மதிப்புள்ள ரப்பர் வளையம் ஒன்று இதைத் தடுக்கும். உவர்நீர் காரணமாக இப்போது பல வீடுகளில் நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் தருவதற்கு அது இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். அக்கழிவு நீரைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் பிடித்தால், பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். உப்பு மிக்கதாகையால் செடிகளுக்கு ஊற்றலாகாது. குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் முருங்கைக்கும் வாழைக்கும் விடலாம்.

மின்சாரம்

கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் சுழல்கின்றன. தமிழ்நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணை 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கருகே முள்ளக்காட்டில் அமைந்தது. கரையோரத்தில் அனல் மின் நிலையமும் உண்டு. நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் இம்மாவட்டத்தில் வீட்டு மின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கணக்கீட்டாளர் குறித்துச் செல்லும் எண்ணைத் தொகையாக மட்டுமே பார்க்கிறோம், யூனிட்டாகப் பார்ப்பதில்லை.

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். பழைய கூரை விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 54 யூனிட். இரண்டு விசிறிக்கு 108. பழைய 60 வாட் குண்டு பல்புகள் நான்கு, நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 72 யூனிட். தொலைக்காட்சி 60 வாட் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 14 யூனிட். மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றுக்கு எட்டு. ஆண்டுக்கு 180 யூனிட் என்று அட்டை ஒட்டிய சிறு குளிர்சாதனப் பெட்டிக்கு முப்பது. ஆக இரு மாதத்துக்கு ஏறத்தாழ 232 யூனிட்.

இதே வீட்டில் குண்டு பல்புகளுக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகளை மாட்டினால் 72 என்பது 11 ஆகிவிடும். 28 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகள் இரண்டு வாங்கினால் 108 என்பது நாற்பதாகும். மொத்தம் 103 யூனிட். தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் நூற்றுக்குள் அடங்கிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்று மாநில அரசு ஆணையிட்டதை வாசகர்கள் அறிவர். அவ்வெல்லைக்குள் ஒரு நடுத்தரக் குடும்பம் வாழவியலும் என்பதற்காகவே இக்கணக்கை இவ்வளவு விரிவாகப் போட்டோம். எல்லையைத் தாண்டினால் கட்டணம் படிப்படியாக ஏறும்; கடைசியாகச் செலவிடும் யூனிட்டே எப்போதும் விலை மிக்கது. ஆகையால் சிக்கனத்தின் முழுப் பலனும் மேற்படியிலேயே கிடைக்கும்.

இங்கே ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். புது விசிறி ஒன்றின் விலை இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ரூபாய். ஆண்டு முழுவதும் ஓடினால் அது மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 200 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று கொண்டால் ஆயிரம் ரூபாய். மூன்று ஆண்டில் போட்ட பணம் திரும்பும். ஆனால் ஒரே விசிறியும் இரண்டு விளக்கும் கொண்டு ஏற்கெனவே நூறு யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்கு அதனால் ரொக்க ஆதாயம் ஒன்றுமில்லை. அத்தகையோர் பழைய விசிறி பழுதாகும்வரை காத்திருப்பதே முறை. விளக்கை மட்டும் இன்றே மாற்றிவிடலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

சிக்கனமே முன்னேற்பாடாக மாறுவதை மின்கலத்தில் தெளிவாகக் காணலாம். பல வீடுகளில் இன்வெர்ட்டருடன் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் இருக்கிறது. அதிலிருந்து கேடின்றி எடுக்கக்கூடியது ஏறத்தாழ ஆயிரம் வாட்-மணி, அஃதாவது ஒரு யூனிட். பழைய விசிறி இரண்டும் குண்டு பல்பு நான்கும் சேர்ந்து 390 வாட் இழுப்பதால் இரண்டரை மணி நேரத்தில் வீடு இருண்டுவிடும். புதிய விசிறியும் விளக்கும் 92 வாட் மட்டுமே. அதே மின்கலம் பதினோரு மணி நேரம் வரும். ஓர் இரவு முழுவதும் கைக்குழந்தைக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். பெரிய மின்கலம் வாங்குவதைவிடச் சிறிய விளக்கு வாங்குவது மலிவு.

கூரைச் சூரிய மின்சாரத்தைப் பற்றியும் கேட்கின்றனர். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. நம் பகுதியின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். இரு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டும் பெரிய வீட்டுக்கு இது மிகுந்த ஆதாயம். நூறு யூனிட் வீட்டுக்கு ஆதாயம் குறைவு. மற்றொன்றையும் அறிந்து வாங்க வேண்டும். மின்கலமில்லாமல் ஊர்க் கம்பியோடு இணைத்த சூரிய அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளிக்கு நம் வீட்டு மின்சாரம் எமனாகிவிடக் கூடாதே என்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். கூரையில் தகடு இருக்கிறது, இருட்டைப் பற்றிக் கவலையில்லை என்று மெத்தனமாக இருந்தவர் ஏமாறுவது இதனால்தான். சிறு குடும்பத்துக்குச் சூரிய ஒளியில் மின்னேற்றும் கைவிளக்கு ஒன்றும், பேட்டரியில் பாடும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றும் போதும். கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தபோதும் வானொலி செய்தி சொல்லும்.

மின்சாரத்தில் பணத்தினும் பெரியது உயிர். வீட்டு இணைப்பின் நிலத்தொடர்புக் கம்பி, அதாவது எர்த், மண்ணோடு ஒட்டியிருந்தால்தான் பயன் தரும். கோடையில் கரிசல் வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிடுவதால் அத்தொடர்பு தளர்ந்துவிடுகிறது. பங்குனி முதல் புரட்டாசி வரை வாரம் ஒருமுறை எர்த் குழியில் ஒரு குடம் நீர் ஊற்றுவது இப்பகுதியில் இன்றியமையாதது. பாத்திரம் கழுவிய நீரே போதும். முப்பது மில்லி ஆம்பியர் மின்கசிவில் தானே துண்டித்துக்கொள்ளும் சாதனத்தை மின்பணியாளரைக் கொண்டு பொருத்திவிட்டால், ஈரச் சுவரைத் தொட்ட குழந்தையின் உயிரை அது காக்கும். வீட்டுக்குள் நீர் புகும் அறிகுறி தெரிந்தவுடன் முதற்கண் பிரதான சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு அதைத் தொடுவது பெருந்தவறு. ஆதலின் நீர் வருமுன்னரே அணைத்தல் வேண்டும்.

அடுப்பு

1950-களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் பரவியபோது, ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். பி. ராஜு வகுத்த புகையில்லா அடுப்பு கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1983-இல் மேம்பட்ட அடுப்புகளுக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றும் தொடங்கிற்று. அடுப்புகள் பல்லாயிரக்கணக்கில் கட்டப்பட்டன. ஆனால் புகைபோக்கியில் படியும் கரியைத் துடைப்பதும் உடைந்த குழாயை மாற்றுவதும் யார் வேலை என்பது தெளிவாகவில்லை. கரி அடைத்த அடுப்பு பழைய அடுப்பினும் மோசமாகப் புகைந்தது. கருவியைக் கொடுப்பதினும் அதைப் பேணக் கற்பிப்பதே கடினம் என்பதற்கு இது தக்க சான்று.

இப்போது பெரும்பாலான வீடுகளில் எரிவாயு வந்துவிட்டது. 14.2 கிலோ உருளை நாற்பது நாள் வரும் வீட்டில் ஆண்டுக்கு ஒன்பது உருளை செலவாகும். அதையே ஐம்பது நாளுக்கு நீட்டித்தால் ஏழேகால் உருளை போதும். அது எவ்வாறு? கொதிக்கும் நீர் சுவாலையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே சூட்டில்தான் இருக்கும். கூட்டிய நெருப்பு நீரை ஆவியாக்குமேயன்றிப் பருப்பை விரைந்து வேகவைக்காது. எனவே கொதி வந்தவுடன் தணலைத் தாழ்த்துவதே தலையாய சிக்கனம். பருப்பையும் பயறையும் இரவே ஊறவைப்பது, பாத்திரத்தை மூடுவது, குக்கரைப் பயன்படுத்துவது, சாமான்களை எடுத்துவைத்த பின் அடுப்பைப் பற்றவைப்பது ஆகியவற்றைத் தாய்மார் அறிவர். மஞ்சளாக எரியும் சுவாலை பர்னரில் அடைப்பு இருப்பதைக் காட்டும்.

அவ்வளவாக அறியப்படாத முறை ஒன்றுண்டு. உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பிய நாடுகளில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கொதித்த பானையை வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வைத்து, உள்ளிருக்கும் சூட்டிலேயே வேகவிட்டனர். பஞ்சு விளையும் நம் கரிசலில் இதற்குக் குறைவே இல்லை. ஆழமான கூடையின் உட்புறத்தில் கழிவுப் பஞ்சைச் சாக்கில் தைத்துப் பதித்து, அதே போன்ற தலையணை ஒன்றை மேலே மூடுவதற்கு வைத்துக்கொண்டால் போதும். ஊறவைத்த அரிசியோ பருப்போ பத்து நிமிடம் கொதித்த பின், மூடிய பாத்திரத்தோடு கூடைக்குள் வைத்துப் பொதிந்துவிடலாம். அரிசி ஒரு மணி நேரத்திலும், பருப்பு இன்னும் சற்று நேரத்திலும் வெந்திருக்கும். பாத்திரம் நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். சூடாக இருக்கும்போதே உண்டுவிட வேண்டும். வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும் சோறு கெட்டுப்போகும். உருளை தீர்ந்து மறு உருளை வர வழியில்லாத வெள்ள நாட்களில் இக்கூடை எத்துணை உதவும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியில் விறகோ பருத்திமாரோ மூட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தாலே ஒரு வேளைச் சோறு ஆகிவிடும். இதற்கென நான்கைந்து கட்டு விறகை மழை படாத இடத்தில் பரண்மேல் வைத்திருக்க வேண்டும். தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டிப் பக்கத்திலேயே, கார்த்திகை மாதத்தில் நமுத்த தீக்குச்சியை உரசி உரசி அலுத்துப்போகும் வீடுகள் உண்டு! மூடியிட்ட தகரத்தில் இரண்டு பெட்டி தனியே இருக்கட்டும்.

மழைக்கு முன்

புரட்டாசி வெயில் கடுமையானது. அவ்வெயிலிலேயே தானியத்தையும் பருப்பையும் காயவைத்துவிட வேண்டும். பல்லால் கடித்தால் மழுங்காமல் நொறுங்கும் தானியம் கெடாது. துவரைக்குச் செம்மண் கட்டுவது, உளுந்தோடு வேப்பிலை இடுவது என்னும் பழைய முறைகள் இன்றும் பயன்படுபவையே. குலுக்கை இல்லாவிட்டாலும், இறுக மூடும் தகர டிரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கக்கூடும். பத்து நாள் அரிசியும் பருப்பும் உப்பும் அதில் போட்டுத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைத்தால் போதும். அடுப்பே மூட்டவியலாத நாளுக்கு அவலும் பொரிகடலையும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் ஆகும். நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அது சிறுவருக்கு நல்ல பலம் தரும். மழை நின்ற பின் மிச்சமிராது என்பது மட்டுமே அதன் குறை.

குடும்ப அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஒரே பையில் வைத்தல் நன்று. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்போர் பதினைந்து நாளுக்கானதைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எரிவாயுக் கசிவுக்கு 1906, ஆம்புலன்சுக்கு 108 என்னும் எண்களைக் கைப்பேசியில் மட்டுமன்றி அடுக்களைச் சுவரிலும் எழுதிவைக்கலாம். கைப்பேசி அணைந்தாலும் சுவர் அணையாது.

இவற்றில் பெரும்பாலானவை அவரவர் வீட்டிலேயே முடிபவை. ஆயிரம் லிட்டர்த் தொட்டியும் விசிறியும் வாங்க மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பிலிருந்து சிறு கடன் பெறலாம். மிச்சமாகும் பணமே தவணையாகிவிடும். ஆனால் ஊர்த் தொட்டியை ஒரு வீடு தனியே நிரப்ப இயலாது. அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபை, பருவமழை தொடங்கச் சில வாரங்களுக்கு முன்னர் அமைந்திருப்பது நல்வாய்ப்பு. பெருமழை எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைப்பது எவர் பொறுப்பு, மின்சாரம் நின்றால் நீரேற்ற ஜெனரேட்டர் எங்கிருந்து வரும், அதற்கு டீசல் வாங்கும் பணம் எக்கணக்கில் உள்ளது, சலவைத்தூள் எத்தனை கிலோ இருப்பில் இருக்கிறது என்னும் நான்கு கேள்விகளை ஓட்டப்பிடாரம் வட்டாரத்துத் தாய்மார் அன்று எழுந்து கேட்கலாம். விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடும் தொகையோடும் எழுதச் சொல்லலாம்.